செவ்வூதா: பர்ப்பிளுக்கு ஒரு சொல்

வணக்கம்.

பர்ப்பிள், அதாவது சிவப்பும் நீலமும் கலந்த நிறத்துக்குத் தமிழ்ச் சொல்லாக 'உண்மை ஊதா' என்று நம் குழுவின் சென்ற மடலில் ஓர் ஐயா முன்மொழிந்திருந்தார். அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

கோத்தகிரியில் ஓர் எஸ்டேட் பங்களாவில் பழைய பின்பால் (சாய்ந்த பலகையில் பந்தைத் தட்டி விளையாடும்) எந்திரம் ஒன்றைப் பழுதுபார்த்து வருகிறேன். பந்து உருளும் பலகையில் அம்பு வடிவில் பர்ப்பிள் நிற பிளாஸ்டிக் துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். அடியில் விளக்கு எரிந்தால் அம்பு ஒளிர வேண்டும். முன்பு இருந்தவை 6.3 வோல்ட் குண்டு பல்புகள். அவற்றை எடுத்துவிட்டு வெள்ளை எல்இடி போட்டேன், அம்பு நீலமாகிவிட்டது. 'ஊதா' என்று கேட்டு வாங்கிய எல்இடியைப் போட்டேன்; அம்பு மங்கி, விளிம்பு கலங்கித் தெரிந்தது. பக்கத்தில் கிடந்த வெள்ளைத் தாள்தான் பளிச்சென்று நீலம் பூத்தது.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. நம் பாடநூல்களில் ஊதா என்பது நிறமாலையின் கடைசி நிறம். அதற்கு அப்பால் இருப்பதால்தான் புற ஊதா என்கிறோம். 400 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி ஒளிரும் பல்புக்கு ஊதா என்ற பெயர் பொருத்தமே. நிறமாலையின் அந்த விளிம்பில் கண்ணின் உணர்திறன் குறைவு, அதனால் மங்கல். ஆனால் எனக்கு வேண்டியது வானவில்லில் எங்குமே இல்லாத நிறம். சிவப்பும் நீலமும் ஒன்றாக வந்து விழும்போது கண்ணும் மூளையும் சேர்ந்து உண்டாக்கிக்கொள்வது அது. நியூட்டன் 1704இல் வெளியிட்ட நூலில் நிறமாலையின் இரு முனைகளையும் வளைத்துச் சேர்த்து நிறச்சக்கரம் வரைந்தார். அந்தச் சேர்ப்பில் பிறக்கும் நிறத்தை 'உண்மை ஊதா' என்றால், வானவில்லில் இருப்பது பொய் ஊதா என்றாகிவிடும்.

ஒரு பழைய சிடியின் பளபளப்பான பக்கத்தில் பல்பின் ஒளியைச் சாய்த்துப் பாருங்கள். குண்டு பல்பில் சிவப்பு முதல் ஊதா வரை இடைவெளியின்றி விரியும், சிவப்புதான் மிகுதி. வெள்ளை எல்இடியில் நீலம் ஓங்கி நிற்கும், சிவப்பு ஓரத்தில் மெலிந்துபோகும். அந்த பிளாஸ்டிக் பச்சையைத் தடுத்துச் சிவப்பையும் நீலத்தையும் விடுகிறது. வருவதில் சிவப்பு குறைவென்றால் பாவம் அது என்ன செய்யும்? பிறகு சிவப்புச் சில்லும் நீலச் சில்லும் ஒரே குமிழுக்குள் உள்ள பல்பை வாங்கினேன். சிடியில் இரண்டு பட்டைகள், நடுவே இருட்டு. தாளுக்கு முன் தீக்குச்சியைப் பிடித்தால் இரண்டு நிழல்கள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். குமிழை உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கிய பிறகு இரண்டும் கலந்தன. அம்பு ஒளிர்ந்தபோது பங்களாக்காரரின் பேத்தி கைதட்டினாள்.

பட்டு நெசவிலும் இதைக் காணலாம். பாவு (நீள நூல்) நீலம், ஊடை (குறுக்கு நூல்) சிவப்பு. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் இல்லாத மூன்றாவது நிறம்.

நண்பர்கள் சொன்ன பிற சொற்களையும் எண்ணிப் பார்த்தேன். கத்தரிப்பூ என்றால் புடவைக் கடையில் வெளிர்நிறம், வாடாமல்லி என்றால் சிவப்பு தூக்கல். நாவல் பழத்துக்கு ஒரு நிறம், அதைத் தின்ற நாக்குக்கு ஒரு நிறம். குறிஞ்சி நிறம் என்பதில் எனக்கு ஆசை உண்டு. இந்த மலையில் வாழ்பவனுக்கு இல்லாமல் போகுமா? ஆனால் அது 2018இல் பூத்தது, இனி 2030. கைதட்டிய அந்தச் சிறுமி அதை இன்னும் பார்த்ததே இல்லை. செந்நீலம் பரவாயில்லை, ஆனாலும் கேட்டதும் நீலமே முன்னால் நிற்கிறது.

என் பரிந்துரை 'செவ்வூதா'. செவ்வானம், செவ்விதழ், செவ்வாழை வரிசையில் இயல்பாக அமைகிறது. ஊதாவை அதன் இடத்திலேயே விட்டுவிடலாம். பல்பு வாங்கப் போகிறவருக்குச் சிவப்பு இருக்க வேண்டும் என்பதைச் சொல்லே நினைவூட்டும். 'வ்வூ' நாவில் இடறுகிறது என்று என் மனைவி சொல்கிறார். நான்கு முறை சொன்னதும் பழகிவிட்டது என்றும் அவரே சொன்னார்.

மிச்சமிருக்கும் பல்புகளை ஒரு டப்பாவில் போட்டு, மூடியில் 'செவ்வூதா, 6.3 வோல்ட்' என்று எழுதி வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், மூடியை மாற்றிக்கொள்ளலாம்.