தம்பி மேல் வாரண்ட், ஜாமீன் போட்டது அம்மா. பினாங்கு கோர்ட்டில் என்ன செய்வது?

பிறைவாசி:
வணக்கம். தம்பி இப்போது கே.எல்.-இல் (கோலாலம்பூர்) டெலிவரி வேலை செய்கிறான். பினாங்கில் இருந்தபோது ஒரு மோட்டார் விபத்தில் அவன் மேல் கேஸ் போட்டார்கள், சாலைப் போக்குவரத்துச் சட்டம் 43-ஆம் பிரிவு, அதாவது கவனக்குறைவாக வண்டி ஓட்டியது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அம்மா 2,000 வெள்ளி (ரிங்கிட்) கட்டி ஜாமீனில் எடுத்தார். அடுத்த தேதிக்கு அவன் போகவில்லை. செந்தூலில் அறை மாறினேன், லீவு கிடைக்கவில்லை என்று ஏதேதோ சொல்கிறான். இப்போது வாரண்ட். அதோடு அம்மாவுக்கும் கோர்ட்டிலிருந்து கடிதம்: ஜாமீன் பணத்தை ஏன் பறிமுதல் செய்யக்கூடாது என்று வந்து காரணம் சொல்ல வேண்டுமாம். தெரிந்தவர் ஒருவர் 1,500 வெள்ளி கொடுத்தால் வாரண்டை செட்டில் பண்ணித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? லாயர் வைக்க வசதி இல்லை.

செந்தூல்காரன்:
ஒரு காசு கொடுக்காதீர்கள் அக்கா. வாரண்டை ரத்து செய்ய அதைப் போட்ட கோர்ட்டால்தான் முடியும். அதுவரை, அல்லது ஆளைப் பிடிக்கும்வரை, அது உயிரோடுதான் இருக்கும். பழசாகிவிட்டது, மறந்திருப்பார்கள் என்பதெல்லாம் கதை. பினாங்கு வாரண்டை வைத்து கே.எல்.-இலும் பிடிக்கலாம். ராத்திரி ரோட் பிளாக்கில் ஐசி (அடையாள அட்டை) நம்பரைத் தட்டிப் பார்த்தால் போதும்.

பழைய கிளார்க்:
லாயர் ஆபீஸில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். குற்றவியல் வழக்குகளில் மலேசியர்களுக்கு உதவத்தான் 2011-இல் யாயாசான் பந்துவான் குவாமான் கெபங்சாஆன் (தேசியச் சட்ட உதவி அறநிறுவனம்) தொடங்கப்பட்டது, சுருக்கமாக ஒய்.பி.ஜி.கே. பினாங்கில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள். கேஸ் நம்பர் உள்ள கடுதாசி, தம்பியின் ஐசி நகல், சம்பளச் சீட்டு மூன்றும் கையில் இருக்கட்டும். விசாரணைக்கு இலவச லாயர் வேண்டுமானால் வருமானம் பார்ப்பார்கள்.

லாயர் கிடைத்ததும் கேஸ் நம்பரைச் சொல்லி, ஆள் தானாகவே வருகிறான் என்று கோர்ட் ரெஜிஸ்ட்ரிக்கு முன்கூட்டியே தெரிவிப்பார். தானாக வந்து நிற்பவனையும் போலீஸ் இழுத்து வந்தவனையும் மாஜிஸ்திரேட் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. அறை மாறியது உண்மையென்றால் வாடகை ரசீது காட்டட்டும். வாய்ச்சொல்லை நம்ப மாட்டார்கள். ஜாமீன் தொகையை ஏற்றவும் வாய்ப்புண்டு, கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டுக்குப் போவதை வெள்ளிக்கிழமை பிற்பகலுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். என்னைக் கேட்டால் திங்கள் அல்லது செவ்வாய் காலை.

பிறைவாசி:
நன்றி அண்ணே. போனதும் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒரேயடியாக முடித்துவிடுகிறேன் என்கிறான் தம்பி. சரியா?

பழைய கிளார்க்:
அவசரப்பட வேண்டாம். 43-ஆம் பிரிவு சாதாரண டிராபிக் சம்மன் மாதிரி இல்லை. அபராதம் குறைந்தது 4,000 வெள்ளி, 10,000 வரை போகும், 12 மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. லைசென்ஸையும் பாதிக்கலாம். மோட்டாரை நம்பிப் பிழைப்பவனுக்கு அபராதத்தைவிட அதுதான் பெரிய அடி. வாரண்டை ரத்து செய்வது ஒரு வேலை, கேஸுக்குப் பதில் சொல்வது வேறு வேலை. இரண்டாவதை லாயரிடம் பேசிவிட்டு முடிவு செய்யட்டும்.

பாகான் அம்மா:
அம்மாவைத் தனியாக விடாதீர்கள் மகளே. கடிதத்தில் போட்டிருக்கும் தேதிக்கு அவரும் கட்டாயம் போக வேண்டும். மலாய் சரளமாக வராது என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அங்கே சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. மகன் வந்து நின்றுவிட்டால் அம்மாவின் பணத்தில் ஒரு பகுதியையாவது விட்டுக்கொடுக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. அதனால் அம்மா தேதிக்கு முன்பே தம்பி போய்விடுவது நல்லது.

செந்தூல்காரன்:
வருகிற வழியிலேயே பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பான். ஓடக்கூடாது, கை ஓங்கக்கூடாது. குடும்பத்தில் ஒருவருக்கும் லாயருக்கும் தகவல் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு, அதைக் கேட்கட்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். லாயர் நம்பரை போனில் மட்டும் வைக்காமல் தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், போனை வாங்கி வைத்துவிடுவார்கள். மோட்டாரில் வேண்டாம், பட்டர்வொர்த்துக்கு பஸ் ஏறி, ஃபெர்ரியில் கடந்து லைட் ஸ்ட்ரீட் கோர்ட்டுக்குப் போகட்டும்.

பிறைவாசி:
இன்று காலை போனோம். இலவச லாயர் கூடவே வந்தார். மாஜிஸ்திரேட் தம்பியை நன்றாகத் திட்டினார், பிறகு வாரண்ட் ரத்து. புது ஜாமீனுக்கு நான் கையெழுத்துப் போட்டேன். அம்மாவின் 2,000 பற்றி அவருடைய தேதியில்தான் பேசுவார்களாம். அந்த செட்டில் ஆள் இன்னும் போன் பண்ணிக்கொண்டே இருக்கிறார்!

பழைய கிளார்க்:
எடுக்காதீர்கள். புது ஜாமீன் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கேஸ் முடிந்து பணம் திரும்ப வாங்க அதைத்தான் கேட்பார்கள். அடுத்த தேதி காலண்டரில் ஏறிவிட்டதா?