15 வருஷ ஆக்டிவா: எஃப்சியில் (தகுதிச் சோதனையில்) நாலு குறை. சரி செய்து ஆர்சி புதுப்பிக்கலாமா?

வைகைக்கரை:
வணக்கம் நண்பர்களே. வண்டி 2010 மாடல் ஆக்டிவா, 109 சிசி, ஓடியது 52,000 கி.மீ. ஆர்சி புதுப்பிக்க வண்டியைக் காட்டியதில் பிரேக் இன்ஸ்பெக்டர் நாலு குறை எழுதிக் கொடுத்தார்: பின் பிரேக் பிடிமானம் போதாது, வலது லீவரைப் பிடித்தால் ஸ்டாப் லைட் எரியவில்லை, பின் டயர் தேய்மானம், சேஸிஸ் நம்பர் துருவில் தெளிவாக இல்லை. புகைச் சான்றும் இந்த வாரம் முடிகிறது. புதிதாக எடுக்கப் போனால் சிஓ (கார்பன் மோனாக்சைடு) 4.2%, எச்சி (எரியாத ஹைட்ரோகார்பன்) 2,900 பிபிஎம் காட்டுகிறது. இது போக, கிளம்பும்போது வண்டி உதறுகிறது. ஸ்பீடு பிரேக்கரில் முன்பக்கம் கடகடவென்று சத்தம். தினசரி ஓட்டம் 14 கி.மீ. எதில் தொடங்குவது? செலவு செய்தால் இன்னும் 5 வருஷம் தாங்குமா?

ஸ்பானர்செட்:
முதலில் புகை. 2000 மார்ச்சுக்குப் பிறகு வந்த நாலு ஸ்ட்ரோக் பிஎஸ்3 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) டூவீலருக்கு வரம்பு சிஓ 3.5%, எச்சி 4,500 பிபிஎம். உங்கள் எச்சி வரம்புக்குள் நிற்கிறது. அதனால் பிளக் மிஸ்ஸிங்கை (பிளக் சரியாகத் தீப்பொறி விடாத கோளாறை) தேட வேண்டாம். சிஓ மட்டும்தான் தாண்டுகிறது; பெட்ரோல் அதிகம் போகிறது, அவ்வளவுதான். கார்புரேட்டர் ஸ்க்ரூவில் கை வைக்கும் முன் மூன்று இடம் பாருங்கள்.

ஏர் ஃபில்டர்: இது எண்ணெய் தோய்ந்த பேப்பர் வகை. ஏர் அடித்துச் சுத்தம் செய்தால் வீண், புதிது போடுங்கள். சோக்: முழுதாக விடுபடுகிறதா என்று பாருங்கள். மூன்றாவது ஆட்டோ பெட்ரோல் காக். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இன்ஜின் இழுக்கும் வேக்கூமில் (உறிஞ்சலில்) திறக்கும் பெட்ரோல் வால்வு இது. உள்ளே இருக்கும் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்தால் வேக்கூம் குழாய் வழியாகவே பெட்ரோல் நேராக இன்ஜினுக்குப் போகும். இன்ஜினை அணைத்து, காக்கில் இருந்து வரும் மெல்லிய வேக்கூம் குழாயைக் கழற்றி நுனியை முகர்ந்து பாருங்கள். உள்ளே ஈரமோ ஒரு சொட்டு பெட்ரோலோ இருந்தால் காக்கை மாற்றணும். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் சீக்கிரம் வெடிக்கிறது. அதனால் பெட்ரோல் குழாயையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

இந்த மூன்றும் சரியென்றால் இன்ஜினை 10 நிமிஷம் ஓட்டிச் சூடாக்கி, கார்புரேட்டரின் பைலட் ஸ்க்ரூவைக் (பெட்ரோல் கலவையைச் சரி செய்யும் திருகை) கால் சுற்று மட்டும் வலப்பக்கம் திருப்பி, ஐடிலிங்கைத் திரும்பச் சரி செய்து, மறுபடி டெஸ்ட். சைலன்சர் அடித் தையலில் துருவோட்டை இருந்தால் அதையும் அடையுங்கள். ஓட்டை வழியே காற்று கலந்தால் ரீடிங் பொய்யாக வரும்.

பின் பிரேக்: கேபிளை முறுக்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், நம்பாதீர்கள். வீலைக் கழற்றச் சொல்லி ஷூவைத் தொட்டுப் பாருங்கள். கருப்பாக, எண்ணெய்ப் பசையோடு இருந்தால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஆயில் சீல் போயிருக்கிறது. சீலை மாற்றாமல் புது ஷூ போட்டால் அதுவும் நனைந்துவிடும். எண்ணெய் இல்லாமல் பளபளப்பாக இருந்தால் லைனர் (ஷூ மேல் ஒட்டிய உராய்வுப் பட்டை) கனம் பாருங்கள், 2 மி.மீ. வந்துவிட்டால் மாற்றம்தான். டிரம் 130 மி.மீ., உள்விட்டம் 131-ஐத் தொட்டால் ஷூ மாற்றியும் பயனில்லை. ஷூவை விரிக்கும் கேம் பின்னுக்குக் கடுகளவு கிரீஸ் போதும். லீவர் ஆட்டம் 10 முதல் 20 மி.மீ. உங்கள் மாடலில் காம்பி (கூட்டு) பிரேக் உண்டு. இடது லீவரைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் பிடிக்கணும். முன் சக்கரம் பிடிக்காவிட்டால் இரண்டு பிரேக்கையும் இணைக்கும் ஈக்வலைசரும் கேபிளும் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டாப் லைட் இடது லீவருக்கு எரிகிறது என்றால் பல்பு நன்றாகத்தான் இருக்கிறது. வலது லீவருக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச்தான் கோளாறு.

ஆர்சிபுக்:
சேஸிஸ் நம்பர் விஷயத்தில் மிகக் கவனம். எமரி, கிரைண்டர், இரும்பு வயர் பிரஷ் எதுவும் அந்த இடத்தில் படக்கூடாது. டீசலில் நனைத்த துணியை அரை மணி நேரம் ஒட்டி வைத்து, பித்தளை பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, மெல்லிய பேப்பர் வைத்துப் பென்சில் பிரின்ட் எடுங்கள். எல்லா எழுத்தும் விழுந்தால் போதும். விழாவிட்டால் ஆர்டிஓவில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிய பிறகே திரும்பப் பஞ்ச் செய்யணும். வெளியே யாராவது "அடித்துத் தருகிறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வண்டியே சந்தேக வண்டி ஆகிவிடும்.

டயர் பட்டன் ஆழம் குறைந்தது 0.8 மி.மீ. இருக்கணும். புது டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் நாலு இலக்கம் பாருங்கள்: 2319 என்றால் 2019-ல் 23-வது வாரம். கடையில் கிடந்து பழசான டயரை எடுக்காதீர்கள்.

புதுப்பிப்பு விண்ணப்பமான படிவம் 25-ஐ ஆர்சி முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுக்கலாம். புதுப்பிப்பு 5 வருஷத்துக்கு. மத்திய அரசு கட்டணம் ரூ.1,000, பசுமை வரி தனி. தேதி தாண்டினால் மாதத்துக்கு ரூ.300 கூடும். லோன் வண்டியாக இருந்தால் படிவம் 35-ம் பைனான்ஸ் என்ஓசியும் கொடுத்து எச்பியை (ஆர்சியில் உள்ள கடன் பதிவை) முதலில் நீக்குங்கள்.

பெல்ட்ரோலர்:
எஃப்சியில் பாஸ் ஆவது வேறு, வண்டி வழியில் நிற்காமல் ஓடுவது வேறு. இன்ஸ்பெக்டர் சிவிடி (பெல்ட்டில் ஓடும் ஆட்டோ கியர்) கவரைத் திறந்து பார்க்கமாட்டார். உங்கள் உதறல் அங்கேதான். கிளட்ச் ஷூ கண்ணாடி போல் வழுவழுப்பாகியிருக்கும், கிளட்ச் கிண்ணத்தில் நீல நிறக் கருகல் இருக்கும். லேசாக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்தால் போதும். கோடு ஆழமாக விழுந்திருந்தால் மாற்றம். பெல்ட்டை 24,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றணும். 52,000-க்கு இரண்டு பெல்ட் மாறியிருக்கணும். பில் இல்லை என்றால் மாறவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே 6 ரோலரையும் எடுத்துப் பாருங்கள், ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் செட்டாக மாற்றுங்கள். ரோலர் ஓடும் இடத்தில் கிரீஸ் தடவ விடாதீர்கள். அது பெல்ட்டில் தெறித்து வழுக்கும்.

முன்பக்கச் சத்தம் பெரும்பாலும் முன் சஸ்பென்ஷன் இணைப்பில் இருக்கும் லிங்க் புஷ். சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவரைப் பின்னால் அமுக்கச் சொல்லி, முன் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் அச்சுக்குப் பக்கத்தில் தெரிந்தால் புஷ். ஹேண்டில் கழுத்தில் தெரிந்தால் கோன் செட் (ஹேண்டில் பேரிங்). ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பது போலிருந்தாலும் கோன் செட்தான்.

5 வருஷக் கேள்விக்கு இன்ஜினை விட ஃபுட்போர்டு அடிப்பக்கம்தான் பதில் சொல்லும். மேட்டைத் தூக்கிவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் பிடியால் சேஸிஸ் பைப்பைத் தட்டிக்கொண்டே வாங்க. கணீரென்று கேட்டால் செலவு செய்யலாம். மொத்தென்று கேட்டாலோ பொருக்கு உதிர்ந்தாலோ மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. தட்டிப் பார்த்ததில் பைப் கணீரென்றுதான் இருக்கிறது. ஷூவில் எண்ணெய்ப் பசை உண்டு. ஆயில் சீல் மாற்றும்போது கியர் ஆயிலும் மாற்றணுமா?

ஸ்பானர்செட்:
கட்டாயம். கியர் ஆயில் 100 மி.லி.தான் பிடிக்கும், செலவு பெரிதில்லை. வெளியே வரும் எண்ணெய் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பேரிங்கைக் கையால் சுற்றி, கரகரப்பு இல்லையென்று உறுதி செய்த பிறகு மூடச் சொல்லுங்கள். டிரம்மை பெட்ரோலில் துடைத்து நன்கு உலர்த்திய பிறகே புது ஷூ ஏற்றணும்.