காலனியக் காலப் படங்களுக்கு நாம் எழுதும் குறிப்பு: பழைய தலைப்பை என்ன செய்வது?

கேள்வி

வணக்கம். பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகம், காலனிகளை நிர்வகித்த காலனி அலுவலகத்திலிருந்து வந்த ஒளிப்படத் தொகுப்பின் ஆப்பிரிக்கப் படங்களை ஆயிரக்கணக்கில் 2011இல் ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் வெளியிட்டு, படத்தில் இருப்பவர் யார், இடம் எது, நடப்பது என்ன என்று தெரிந்தவர்கள் எழுத வேண்டும் என்று பொதுமக்களை அழைத்தது. சி.ஓ. 1069 என்ற எண் கொண்ட அத்தொகுப்பிலிருந்து ஆசியப் படங்களும் பின்னர் வெளிவந்தன. இலங்கையும் மலாயாவும் அவற்றில் உண்டு.

என் அம்மா இலங்கை மலையகத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர், வயது 81. எங்கள் வீட்டில் பழைய அஞ்சலட்டை ஒன்று இருக்கிறது. அதில் அச்சிட்டிருப்பது “தமிழ்க் கூலிகள், இலங்கை” என்பது மட்டுமே. அம்மாவிடம் காட்டியபோது, அவர்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கவில்லை, பறித்ததை எடை போடும் நிறுவைக்காகக் காத்து நிற்கிறார்கள் என்றார். இடுப்பில் சுற்றியிருப்பது படங்கு என்னும் முரட்டுத் துணி என்றார். தலைப்பாகையும் கோட்டுமாக ஓரத்தில் நிற்பவர் தொழிலாளர்களை மேற்பார்க்கும் கங்காணியாகத்தான் இருக்க வேண்டும் என்றார். ஆனால் அந்தப் படம் அம்மா பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு எடுக்கப்பட்டது. இப்படிப்பட்ட நினைவை ஒரு காப்பகத்தின் படத்துக்குக் குறிப்பாக எழுதலாமா? “கூலிகள்” என்ற சொல்லை நீக்கச் சொல்லிக் கேட்பது முறையா?

மறுமொழி 1

நூலகப் பட்டியலாக்கத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். பழைய தலைப்பை நீக்கச் சொல்லாதீர்கள். அது படத்தில் இருப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்வதில்லை என்றாலும், அவர்களை யார் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அதை அழித்துவிட்டால், அவமதிப்பு நடந்ததற்கான தடயமும் அதனுடனேயே போய்விடும். மூலத் தலைப்பு என்று குறித்து அதை அப்படியே வைத்துவிட்டு, அதன் கீழே உங்கள் அம்மா சொன்னதைத் தனியாக எழுதுங்கள். இன்றைய பெயரில் தேடுபவருக்கும் அதுதான் உதவும். கோல்டு கோஸ்ட் என்று எழுதப்பட்ட படத்தை, அந்நாடு 1957இல் கானா ஆன பிறகு பிறந்த ஒருவர் எந்தச் சொல்லால் தேடுவார்?

அம்மா சொன்னவற்றில் இரண்டு வகை இருக்கின்றன. படங்கு, நிறுவை, கங்காணி ஆகியவை அவர் தம் வாழ்நாளில் கண்டு அறிந்த வழக்கங்கள்; படம் அவருக்கு முந்தையது என்றாலும் அந்த அறிவு செல்லும். அதே அம்மா “இது இன்ன தோட்டம்” என்று சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்டு, அதையும் சேர்த்து எழுத வேண்டும். எப்படித் தெரியும் என்ற ஒரு வரி இல்லாத குறிப்பைப் பின்னால் வருபவர் ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

காலத்தைக் கணிக்க நினைவு போதாது, படத்துக்குள்ளேயே தேடுங்கள். காப்பியைத் தாக்கிய இலைத்துரு நோய் 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்டது. 1880களில் அந்தப் பயிர் அழிந்து தேயிலை பரவியது. ஆகவே காப்பி உலர்த்தும் களம் தெரிகிற படத்தை அந்தப் பத்தாண்டுக்குப் பின்னால் தள்ளத் தயங்க வேண்டும். ரயில் பாதை மலையக ஊர்களான நானுஓயாவை 1885இலும் பதுளையை 1924இலும்தான் எட்டியது; அங்கே ரயில் தெரிந்தால் படம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. அஞ்சலட்டையின் முத்திரைத் தேதி, படம் அதற்கு முன்பு எடுக்கப்பட்டது என்பதை மட்டுமே காட்டும். ஒரே கண்ணாடித் தகட்டிலிருந்து பல ஆண்டுகள் படி எடுத்து விற்ற ஒளிப்பட நிலையங்கள் உண்டு.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அழைப்பு விடுத்துவிட்டுக் காத்திருப்பது மட்டும் போதாது என்பதற்குக் கனடாவே சான்று. அந்நாட்டு நூலகமும் ஆவணக் காப்பகமும் 2000களின் தொடக்கத்தில் ஆரம்பித்த பெயரிடும் திட்டத்தில், வடக்கே உள்ள நூனவுத் பகுதியின் இனுவிட் பழங்குடி மாணவர்கள் கணினியில் படங்களை ஏற்றிச் சென்று, தம் ஊர் முதியவர்களின் அருகில் அமர்ந்து காட்டினார்கள். பெயரற்ற “எஸ்கிமோ” என்று பதிவாகியிருந்தவர்களை, இவர் என் அத்தை, இவர் என் அண்ணன் என்று முதியவர்கள் அடையாளம் சொன்னார்கள். ஆங்கிலத்தில் மட்டும் எழுதக் கேட்கும் ஒரு இணையக் கருத்துப் பெட்டியின் முன்னால் எத்தனை பாட்டிகள் வந்து உட்காருவார்கள்? உங்கள் அம்மா பேசுவதைப் பதிவு செய்து, அவர் சொன்ன தமிழை முதலில் எழுதி, மொழிபெயர்ப்பை அடுத்து வையுங்கள்.

மறுமொழி 3

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். காலனியக் காலப் படங்களில் சங்கிலியிட்ட கைதிகளும், உடலை அளப்பதற்காக நிறுத்தி வைக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சம்மதம் கேட்கப்பட்டவர்கள் அல்லர். அப்படிப்பட்ட படத்தில் உள்ளவரின் பெயர் நமக்குத் தெரிந்தாலும், அவருடைய குடும்பத்தாரிடம் கேட்ட பிறகே பொதுவில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குள் காப்பகத்துக்குத் தனிக் கடிதமாக அனுப்பலாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை அம்மாவிடம் பேசிப் பதிவு செய்தேன். நிறுவைக்கு முன்னால் காலையில் நடக்கும் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பைப் பற்றியே அதிக நேரம் பேசினார்: இருட்டோடு எழுந்து போவது, பெயர் கூப்பிடுவது, தாமதமானால் திருப்பி அனுப்பப்படுவது. அஞ்சலட்டையில் அது இல்லை. ஆனாலும் அந்த வரிசையில் நிற்கும் பெண்களின் நாள் எப்படித் தொடங்கியிருக்கும் என்பதை அது சொல்கிறது. ஆகவே நிறுவையைப் படத்தின் விவரமாகவும், பெரட்டை அம்மாவின் நினைவு என்று தனியாகவும் எழுதப் போகிறேன். “பெரட்டு” என்ற சொல்லை ஆங்கிலக் குறிப்பிலும் மாற்றாமல் அப்படியே விட எண்ணியிருக்கிறேன்.