ஸ்ட்ரோமிங் மீனைக் கர்ப்பிணிக்கு வாராவாரம் கொடுக்கலாமா?

புதுக்குடித்தனம்:
ஸ்டாக்ஹோமுக்கு வந்து ஏழு மாதம். மனைவிக்கு இப்போது ஐந்தாம் மாதம். போன சனிக்கிழமை மீன்கடையில் ஸ்ட்ரோமிங் என்று ஒரு சாண்கூட வராத வெள்ளி மீனைக் குவித்து வைத்திருந்தார்கள். பார்க்க நம் சூடை மாதிரியே இருந்தது. மலிவு என்று இரண்டு கிலோ வாங்கி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரித்தேன். சத்தி நின்ற பிறகு அவ ஆசையாகச் சாப்பிட்டது அன்றுதான். இனி வாராவாரம் வாங்கலாம் என்றிருந்தேன். பக்கத்து வீட்டு ஸ்வீடிஷ் அம்மா கூடாது என்கிறார். ஏன்?

கரைவலை:
சின்ன மீனில் பாதரசம் குறைவு. பயப்படாமல் கொடுங்கள்.

சூடைப்பொரியல்:
தம்பி, அவ சாப்பிட்ட ஒரு தட்டுக்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் வாராவாரம் கட்டாயம் வேண்டாம். கரைவலை பாதரசத்தை வைத்துச் சொல்கிறார். இங்கே பிரச்சினை டையாக்சின், பிசிபி என்ற தொழிற்சாலை நஞ்சுகள். ஸ்ட்ரோமிங் பால்டிக் கடல் மீன்.

பால்டிக் கடல் கிட்டத்தட்ட மூடிய கடல். டென்மார்க் பக்கத்துக் குறுகிய நீரிணைகள் வழியாகத்தான் வெளித்தண்ணீர் வரும். ஆறுகள் நிறைய விழுவதால் உப்பும் குறைவு: பெருங்கடலில் லீட்டருக்கு 35 கிராம் என்றால், ஸ்டாக்ஹோம் பக்கத்தில் ஆறேழு கிராம்தான். ஸ்ட்ரோமிங் சிறுத்திருப்பதும் அதனால்தான். தொழிற்சாலைகள் விட்ட நஞ்சும் லேசில் வெளியே போகாது, மீனின் கொழுப்பில் சேர்ந்துவிடும்.

கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், பிள்ளைகள், இனிமேல் பிள்ளை பெறக்கூடியவர்கள் எல்லோருக்கும் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் என்று ஸ்வீடனின் உணவு முகமை சொல்கிறது. அந்த நஞ்சு உடம்பில் வருடக்கணக்கில் தங்கி, வயிற்றுப் பிள்ளைக்கும் தாய்ப்பாலுக்கும் போவதுதான் காரணம்.

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது நான் இதை வாராவாரம் சாப்பிட்டேன். அப்போது எனக்கு ஸ்வீடிஷ் எழுத்துக் கூட்டத் தெரியாது. எட்டாம் மாதம் மருத்துவிச்சி சொல்லித்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து ஃப்ரீசரில் இருந்த பொதியை எடுத்து எறிந்துவிட்டு, குசினித் தரையிலேயே இருந்து அழுதேன். மகள் சுகமாகத்தான் பிறந்தாள். ஆனால் அந்த இரண்டு மாதமும் நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. உங்கள் வீட்டில் அது வரக்கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

அவவுக்கு 'சில்' வாங்குங்கள். அதே இன மீன்தான். ஸ்வீடனின் தென்கிழக்குக் கரையில் இருக்கும் கல்மாருக்கு வடக்கே பிடித்தால் ஸ்ட்ரோமிங், தெற்கே என்றால், பால்டிக்கிலேயே பிடித்தாலும், சில். அதனால் பெயரை மட்டும் நம்பாமல் பெட்டியில் பிடித்த இடத்தைப் பாருங்கள். 'ஓஸ்தர்ஷோன்' என்றிருந்தால் பால்டிக், வைத்துவிடுங்கள். 'நூர்ட்ஷோன்' என்றால் வடகடல், எடுக்கலாம். மக்ரிலும் (கானாங்கெளுத்தி) நல்லது, புளி கரைத்த குழம்புக்கு அச்சொட்டாகப் பொருந்தும்.

புதுக்குடித்தனம்:
நன்றி அக்கா. ஃப்ரீசரில் இன்னும் ஒரு கிலோ கிடக்கிறதே?

சூடைப்பொரியல்:
அதை நீங்கள் சாப்பிடுங்கள், கிழமைக்கு ஒரு தரத்துக்கு மேல் வேண்டாம். தலையைக் கிள்ளி, வயிற்றைத் திறந்து, பெருவிரலை முள்ளோடு வாலை நோக்கி இழுத்தால் முள் சீப்பு மாதிரி முழுதாக வந்துவிடும். இரண்டு துண்டுக்கு நடுவில் கடுகு விழுதும் சோயிக்கீரையும் வைத்து மூடி, ரை மாவில் புரட்டி வெண்ணெயில் பொரிப்பது இந்த ஊர் முறை. நான் பச்சை மிளகாயும் நறுக்கி வைப்பேன்.

கரைவலை:
டையாக்சின் விஷயம் எனக்குத் தெரியாது. அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும் தம்பி.

புதுக்குடித்தனம்:
பரவாயில்லை அண்ணை. நாளைக்கு மக்ரில் வாங்குகிறேன். தலையையும் குழம்பில் போடட்டோ என்று இவ கேட்கிறா.