பேச்சுப் போட்டி: வாழிடம் பற்றி எப்படித் தொடங்குவது?

மகள் எட்டாம் வகுப்பு. காட்டுயிர் வாழிடம் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். எழுதியதில் பாதி "காடுகளைக் காப்போம்" என்ற முழக்கம்தான். எனக்கே மனசு ஒட்டவில்லை. எங்கே தொடங்கலாம்?

பதில்: ஒரே ஓர் உயிரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் மாணவி இருவாச்சி என்ற பெரிய அலகுள்ள காட்டுப் பறவையை எடுத்தாள். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, எச்சத்தால் வாயிலை அடைத்துக்கொள்ளும். சிறு பிளவு வழியே ஆண் பறவை பழம் ஊட்டும். பொந்துள்ள பெருமரம் போனால் கூடே இல்லை. இதைச் சொன்னதும் அரங்கம் அப்படியே அமைதியானது.

மற்றொரு பதில்: அப்புறம், தின்ற பழத்தின் விதைகளைத் தொலைவில் போடுவதும் அந்தப் பறவைதான். அதையும் சேருங்கள்.

கேட்டவர்: சரி, முழக்கங்களை எடுத்துவிட்டோம். பிளவு எவ்வளவு பெரிதாம் என்று கேட்கிறாள்.

பதில்: அலகு நுழையும் அளவுதான்.