குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் தரமாட்டேன் என்கிறார்கள், அவசரம்

புதுவரவு:
வணக்கம். குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. எங்கள் பேப்பர் சரியில்லை, பிறப்புச் சான்றிதழ் இப்போது தரமுடியாது என்கிறார்கள் பதிவு அலுவலகத்தில். எல்லாம் ஒரிஜினல்தான். ஊரிலிருந்து கிளம்பும்போதே செலவு பண்ணி அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு வைக்கும் முத்திரை) போட்டுக்கொண்டு வந்தேன். நாலு நாளில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். மனைவி அழுதுகொண்டே இருக்கிறாள். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

குளிர்தாங்கி:
வாழ்த்துகள்! நான் சொல்வது ஒன்றுதான், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மூன்று இடத்தில் வையுங்கள். டொராண்டோ வந்த முதல் மாதம் சின் நம்பர் என்ற அரசு எண் வந்த காகிதத்தைப் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். மைனஸ் இருபதில் குப்பைத்தொட்டியைக் கிளறிய ஆள் நான்.

பாலைவனப்பூ:
அப்போஸ்டில் இங்கே செல்லாது நண்பரே. கல்யாணச் சான்றிதழுக்குத் தூதரக அட்டெஸ்டேஷன் வேண்டும். 120 நாளுக்குள் குழந்தைக்கு விசா போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அபராதம் ஏறும்.

குளிர்தாங்கி:
அவர் துபாய் என்று எங்கே சொன்னார்?

டார்ட்முண்ட் அக்கா:
தம்பி, எந்த நாடு என்று சொல்லவே இல்லையே.

புதுவரவு:
மன்னிக்கவும். ஜெர்மனி. தெற்கே ஒரு சின்ன ஊர். வந்து பதினான்கு மாதம்.

டார்ட்முண்ட் அக்கா:
அப்படியென்றால் பயப்படாதேங்கோ. நாங்கள் 1985 இல் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்தனாங்கள். கையில் ஒரு பை மட்டும்தான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் யாழ்ப்பாணத்தில், வீடு இருந்ததோ எரிந்ததோ அதுவும் தெரியாது. மூத்தவன் பிறந்தபோது எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. சத்தியக்கடதாசி முடித்துத்தான் சமாளித்தோம். நீங்களும் அதையே செய்யுங்கோ.

இட்லிமாவு:
அக்கா, அது அந்தக் காலம். போன வருஷம் நான் ஊரில் நோட்டரியிடம் ‘இரண்டு பெயரும் ஒரே ஆள்தான்’ என்று அஃபிடவிட் வாங்கி அனுப்பச் சொன்னேன். இங்கே பதிவு அலுவலகத்து அம்மா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பனிக்கஞ்சி:
எனக்கு ஏற்றுக்கொண்டார்கள். இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட் அடிப்படையில் ஒரு பிறப்புச் சான்றிதழ் தருவார்கள், அதையும் சேர்த்துக் கொடுத்தேன்.

இட்லிமாவு:
எனக்கு அதுவும் செல்லவில்லை. எந்த ஊர், எந்த மேஜை என்பதைப் பொறுத்தது.

பனிக்கஞ்சி:
மேஜை கிடைப்பதே பெரிய விஷயம். அப்பாயின்ட்மென்டுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பார்க்கிறேன். ஊரில் தாலுகா ஆபீஸைத் திட்டினோமே, அங்கே ஒரு டீக்கடையாவது இருந்தது.

குளிர்தாங்கி:
:) :)

இட்லிமாவு:
தபால் கதை சொல்லவா? தபால்பெட்டியில் என் பெயரை ஒட்டவில்லை என்று ஆறு வாரம் ஒரு கடிதமும் வரவில்லை. வரி எண், பேங்க் கார்டு எல்லாம் திரும்பிப் போயிருக்கிறது. கதவு எண் எழுதினால் போதாதாம். அப்புறம் ஒட்டினேன், என் பெயர் பெட்டியில் அடங்கவில்லை.

டார்ட்முண்ட் அக்கா:
அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருக்குது, நீங்கள் தபால்பெட்டிக் கதை கதைக்கிறீர்கள். தம்பி, பேப்பரில் என்ன பிழையாம்?

புதுவரவு:
என் பிறப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து, அப்பா பெயர் ஸர்நேம் இடத்தில் நிற்கிறது. அப்பாவுக்கு ஸர்நேம் வேறு, அது தாத்தா பெயர். ஒரே குடும்பத்தில் எப்படி இத்தனை குடும்பப்பெயர் என்று அதிகாரி கேட்கிறார். கல்யாணச் சான்றிதழிலும் இனிஷியல்தான். அதையெல்லாம் இந்தியாவுக்கு அனுப்பிச் சரிபார்க்க வேண்டுமாம், மாதக்கணக்கில் ஆகுமாம்.

கோப்புக்காரன்:
இப்போதுதான் பார்த்தேன். இரண்டு வருஷம் முன்பு இதே இடத்தில் நின்றவன்.

முதலில் அப்போஸ்டில். இந்தியா 2005 இல் அப்போஸ்டிலுக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் நம் அப்போஸ்டிலுக்கு இங்கே மதிப்பில்லை. அதற்குப் பதிலாக இங்குள்ள அலுவலகம் இந்தியாவில் உள்ள ஜெர்மன் தூதரகத்துக்கு எழுதும், அவர்கள் அங்கே ஒரு வக்கீலை வைத்து நேரில் விசாரிப்பார்கள். நாமாகப் போய் விண்ணப்பிக்க முடியாது. எனக்குச் சில மாதம் பிடித்தது. ஊரில் அப்பா அம்மாவிடம் சொல்லிவையுங்கள், யாரோ வந்து விசாரித்தால் பயந்துவிடுவார்கள். என் மாமனார் விசாரிக்க வந்தவரைக் கடன் வசூலிக்க வந்த ஆள் என்று நினைத்து வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

அதுவரை பிள்ளைக்குக் காகிதமே இல்லை என்று அர்த்தமில்லை. பிறப்புப் பதிவேட்டின் சான்றிட்ட நகல் கேளுங்கள். ஜெர்மன் மொழியில் ‘பெக்லௌபிக்டர் ரெஜிஸ்டர்ஔஸ்ட்ருக்’. பெற்றோரின் அடையாளம் நிரூபிக்கப்படவில்லை என்று அதில் ஒரு வரி இருக்கும். படிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் பிறப்புக்கு அது சட்டப்படி ஆதாரம். நாலு நாளில் போகும்போது இதைத்தான் கேட்க வேண்டும், சான்றிதழுக்குச் சண்டை போடாதீர்கள்.

அதை வைத்துப் பிள்ளையை மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள், கிண்டர்கெல்டுக்கும் (பிள்ளைக்கு அரசு தரும் மாதத் தொகை) எல்டர்ன்கெல்டுக்கும் (பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோருக்கு அரசு தரும் தொகை) எழுதுங்கள். எல்டர்ன்கெல்ட் விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று மாதத்துக்குத்தான் சேர்த்துக் கிடைக்கும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். கிண்டர்கெல்டுக்கு ஆறு மாதம் வரை உண்டு. பிள்ளையின் வசிப்பு அனுமதிக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிறப்பை இந்தியத் தூதரகத்தில் பதிய ஒரு வருஷம் இருக்கிறது. அங்கே இந்த நகல் செல்லுமா என்று மட்டும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

பிள்ளையின் பெயர் பற்றிக் கேட்டால், இந்தியச் சட்டப்படி வைக்கிறோம் என்று அறிவிக்க வழியிருக்கிறது. அப்பா பெயரே பிள்ளைக்கு ஸர்நேம் ஆகலாம். அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், பிறகு மாற்றுவது பெரிய வேலை. மொழிபெயர்ப்பு இங்கே நீதிமன்றத்தில் பதிவான மொழிபெயர்ப்பாளரிடம் செய்யுங்கள்.

இட்லிமாவு:
எனக்கு யாரும் இதைச் சொல்லவேயில்லை. பத்து மாதம் ஒன்றும் இல்லாமல் காத்திருந்தேன்.

புதுவரவு:
கோடி நன்றி. இரவு ஒரு மணி, இவளுக்கும் படித்துக் காட்டினேன், தூங்கப் போய்விட்டாள். இன்னும் ஒரு சந்தேகம். அவள் பாஸ்போர்ட்டில் ஸர்நேம் இடம் காலியாக இருக்கிறது. முழுப்பெயரும் ஒரே கட்டத்தில் இருக்கிறது. அது பிரச்சினையா?

கோப்புக்காரன்:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பிரச்சினைதான், ஆனால் அவர்கள் பார்க்காததில்லை. கட்டத்தில் இருப்பதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். அதை இரண்டாக வெட்டிப் பாதியைக் குடும்பப்பெயராக்கச் சம்மதிக்காதீர்கள். அப்புறம், பாஸ்போர்ட் முடியும் தேதி என்ன?