கடல் அறிவியல் பி.எச்டி.: மெயில்களுக்குப் பதிலே இல்லை, எங்கே தவறு?

நுரைக்கோடு:
எம்.எஸ்சி. கடல் உயிரியல், கடைசி செமஸ்டர். மைக்ரோபிளாஸ்டிக்கில் பி.எச்டி. செய்ய ஐரோப்பா, அமெரிக்கா என்று 40 பேராசிரியர்களுக்கு மெயில் போட்டாயிற்று. இரண்டே பதில், இரண்டும் "நிதி இல்லை". புரபோசலை மாற்றவா, ஆட்களை மாற்றவா?

ஆழ்நீர்:
முதலில் நாட்டைப் பிரித்துப் பாருங்கள். ஜெர்மனி, நெதர்லாந்து, நார்வேயில் பி.எச்டி. பெரும்பாலும் சம்பள வேலை. திட்டத்துக்கு நிதி வந்த பிறகுதான் விளம்பரம் வரும்; தலைப்பும் அதிலேயே முடிவாகியிருக்கும். அங்கே சொந்த புரபோசல் அனுப்புவது பெரும்பாலும் வீண். விளம்பரத்தில் கேட்கும் தகுதி ஒவ்வொன்றுக்கும் கவர் லெட்டரில் ஒரு வரி சான்று காட்டுங்கள். நார்வேயில் 4 வருடம் என்று போட்டிருந்தால் 25 சதவீதம் கற்பித்தல் போன்ற வேலை சேர்ந்தது என்று அர்த்தம்.

அமெரிக்காவில் கதை வேறு. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி முடிந்துவிடும். செப்டம்பரிலேயே "அடுத்த வருடம் மாணவர் எடுக்கிறீர்களா" என்று கேட்டுவிட வேண்டும்.

மரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க் (ஐரோப்பிய ஒன்றிய நிதியில் பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து பி.எச்டி. மாணவர்களை எடுக்கும் திட்டம்) அழைப்புகளையும் விடாதீர்கள்.

சல்லடை:
மெயில் 150 வார்த்தையைத் தாண்டக் கூடாது. "உங்கள் ஆய்வு ஈர்த்தது" என்ற வரியைப் பார்த்ததும் மூடிவிடுவார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "நீங்கள் 333 மைக்ரான் கண்ணுள்ள மான்டா வலை (கடல் மேற்பரப்பில் இழுக்கும் வலை) பயன்படுத்தியிருக்கிறீர்கள். மெல்லிய இழைகள் அதில் நழுவிவிடும். அதே இடத்தில் பம்பால் நீர் இறைத்தும் மாதிரி எடுத்து ஒப்பிட்டீர்களா?" பேப்பரைப் படித்தவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வண்டல்:
புரபோசல் கேட்கும் இடங்களுக்கு ஒன்று. முழு ஆய்வையும் ஒரே கப்பல் பயணத்தில் தொங்கவிடாதீர்கள். வானிலையோ அனுமதியோ கெட்டால் ஒரு வருடம் போச்சு. ஒரு அத்தியாயமாவது ஏற்கெனவே இருக்கும் தரவில் நிற்கட்டும்: பாங்கேயா, ஓபிஸ் போன்ற திறந்த தரவுத்தளங்கள், கடலின் வெப்பம், உப்புத்தன்மையைத் தானாக அளக்கும் ஆர்கோ மிதவைகள் (பெரும்பாலும் 10 நாளுக்கு ஒருமுறை, 2000 மீட்டர் ஆழம் வரை).

மைக்ரோபிளாஸ்டிக் என்றால் நேர்காணலில் முதல் அடி முறையியலில்தான் விழும். வண்டலிலிருந்து பிளாஸ்டிக்கை மிதக்க வைத்துப் பிரிக்கும் உப்புக் கரைசலின் அடர்த்தி 1.2 தான், 1.38 உள்ள பெட் (PET, தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்) அதில் மிதக்காது, வண்டலோடு அடியில் தங்கிவிடும். துத்தநாகக் குளோரைடு மிதக்க வைக்கும், ஆனால் நச்சு; கழிவை என்ன செய்வீர்கள் என்றும் கேட்பார்கள். வெற்று மாதிரி (ஆய்வகத்தில் கலக்கும் மாசைப் பிடிக்க, கடல் மாதிரி இல்லாமலே செய்யும் சோதனை) எத்தனை என்று புரபோசலில் எண்ணோடு எழுதுங்கள். லேப் கோட்டிலிருந்து உதிரும் நார் ஒன்றே முடிவைக் கவிழ்த்துவிடும். நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது: எஃப்.டி.ஐ.ஆர். கருவி (அகச்சிவப்பு ஒளியால் பிளாஸ்டிக் வகையைக் கண்டறிவது) சொந்த ஆய்வகத்தில் இருக்கிறதா, வேறு துறையில் வரிசையில் நிற்க வேண்டுமா?

நுரைக்கோடு:
நன்றி. மரி கியூரிக்கு நாட்டு விதி ஏதோ உண்டாமே? எம்.எஸ்சி.யையே ஜெர்மனியில்தான் படிக்கிறேன், இரண்டாவது வருடம்.

ஆழ்நீர்:
அப்படியானால் ஜெர்மனி இடங்களை அடித்துவிடுங்கள். வேலையில் சேரும் தேதிக்கு முந்தைய 36 மாதத்தில் அந்த நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. படிப்பும் கணக்கில் வரும், விடுமுறைப் பயணம் வராது. அதே நெட்வொர்க்கில் வேறு நாட்டு இடங்களுக்குத் தாராளமாகப் போடலாம்.